விஷமுறிவு மருந்து விஷத்தை அழிக்குதா? உண்மையில என்ன நடக்குது?

வணக்கம் மக்களே. சினிமால பாத்திருப்பீங்க, விஷம் குடிச்சவருக்கு டாக்டர் ஒரு ஊசி போடுவாரு, அடுத்த சீன்ல கண்ணு முழிச்சு எந்திரிச்சு உக்காந்திருப்பாரு. நிஜத்துல பெரும்பாலான விஷத்துக்கு தனியா முறிவு மருந்துன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. எமர்ஜென்சிக்கு வந்ததும் மூச்சு சரியா இருக்கா, பிரஷர் எவ்ளோ, சுகர் எவ்ளோ, வலிப்பு வருதா, இதத்தான் முதல்ல பாப்பாங்க. உடம்பு தானா விஷத்தை வெளியேத்துற வரைக்கும் ஆளை தாங்கிப் பிடிக்கிறதுதான் முக்கால்வாசி வைத்தியம்.

அடுத்த கேள்வி, விஷம் இப்போ உடம்புல எங்க இருக்கு?

[திரையில்: வயிறு]

இன்னும் வயித்துலயே இருந்தா ஆக்டிவேட்டட் சார்கோல், அதாவது கரித்தூள். பெரியவங்களுக்கு வழக்கமா 50 கிராம் தண்ணில கலந்து குடுப்பாங்க, விஷம் அதுல ஒட்டிக்கிட்டு மலத்தோட போயிடும். முதல் 1 மணி நேரத்துக்குள்ள குடுத்தாதான் நல்ல பலன். ஆனா இரும்பு மாத்திரை, மனநோய்க்கு குடுக்கற லித்தியம், ஆல்கஹால், ஆசிட் இதெல்லாம் கரில சரியா ஒட்டாது. அரை மயக்கத்துல இருக்கறவருக்கு குடுத்தா கரி நுரையீரலுக்குள்ள போய் அது தனி பிரச்சனை. அப்புறம் தயவுசெஞ்சு விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க, ஆசிட்னா மேல வரும்போது உணவுக்குழாயை இன்னொரு தடவை பொசுக்கும், மண்ணெண்ணெய்னா நேரா நுரையீரலுக்கு போகும்.

[திரையில்: ரத்தம்]

ரத்தத்துல கலந்துட்டா டயாலிசிஸ் பண்ணி எடுத்துடலாமேன்னு கேப்பீங்க. லித்தியம், மெத்தனால் (கள்ளச்சாராயத்துல இருக்கற விஷ ஆல்கஹால்), ஓவர்டோஸ் ஆன ஆஸ்பிரின் மாதிரி சிலதுக்கு முடியும். ஆனா டிஜாக்சின்னு ஒரு இதய மருந்து இருக்கு, அதுல பெரும்பகுதி ரத்தத்துல இருக்காது, திசுக்களுக்குள்ள போய் தங்கிடும், மெஷின்ல ரத்தத்தை எவ்ளோ நேரம் சுத்த விட்டாலும் பிரயோஜனம் இல்ல. அதுக்குன்னே ஆன்டிபாடி ஊசி இருக்கு.

இப்போ எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி, மெத்தனால். அது அப்படியே இருந்தா போதை மாதிரிதான், பெருசா ஒண்ணும் பண்ணாது, ஆனா நம்ம கல்லீரல்ல இருக்கற ஒரு என்சைம் அதை படிப்படியா ஃபார்மிக் ஆசிடா மாத்திடும், அந்த ஆசிட்தான் கண் நரம்பை அடிக்கறது. ஃபோமெபிசோல்னு ஒரு மருந்து குடுத்தா அது போய் அந்த என்சைம்ல சீட்டு பிடிச்சு உக்காந்துக்கும், மெத்தனாலுக்கு இடம் கிடைக்காது. ஃபோமெபிசோல் இல்லாத இடத்துல சாதாரண எத்தனாலயே குடுப்பாங்க, ஆமா, டாக்டரே சாராயம் ஏத்துவாரு! கவனிச்சீங்கன்னா இங்க விஷத்தை யாரும் அழிக்கல, அது விஷமா மாறாம தடுத்து வச்சிருக்கோம், அவ்ளோதான்.

பாராசிட்டமாலும் கிட்டத்தட்ட இதே கதை, ஓவர்டோஸ் ஆனா கல்லீரல்ல உருவாகுற கழிவுதான் விஷம். அதுக்கான முறிவு மருந்து அசிட்டைல்சிஸ்டீனை 8 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா அநேகமா கல்லீரல் தப்பிச்சிடும். கொடுமை என்னன்னா முதல் நாள் ஆளு நல்லாவே இருப்பாரு, ஒண்ணும் ஆகலையேன்னு எல்லாரும் வீட்டுக்கு கிளம்பிடுவாங்க.

[திரையில்: ஸ்டெதஸ்கோப், நெஞ்சு]

ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து குடிச்சவரோட நெஞ்சுல ஸ்டெத் வச்சா களகளன்னு சத்தம் கேக்கும், அவரோட சுரப்பு நீரே நுரையீரலை நிரப்பிட்டு இருக்கும், வாயில நுரை, உடம்பெல்லாம் வேர்வை. அந்த சுரப்பை குறைக்கற அட்ரோபின் ஊசியை போட்டுட்டு 5 நிமிஷம் கழிச்சு மறுபடி ஸ்டெத் வைப்பாங்க, சத்தம் குறையலன்னா டோஸை டபுள் பண்ணுவாங்க, திரும்ப 5 நிமிஷம், திரும்ப டபுள். கண்மணி விரிஞ்சிடுச்சான்னு பாத்து நிறுத்துறது தப்பு, நெஞ்சு க்ளியர் ஆகணும், நாடித்துடிப்பும் பிரஷரும் ஏறணும். ரொம்ப ஓவரா போனா காய்ச்சல் வந்து உளற ஆரம்பிப்பாரு, அப்போ குறைக்கணும். பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டே இருக்கற வேலை இது.

ஓபியாய்டு, அதாவது மார்ஃபின், ஹெராயின் மாதிரி மருந்துகளுக்கு நலாக்ஸோன் ஊசி, இதுல மட்டும் சினிமா மாதிரியே நடக்கும், சில நிமிஷத்துல முழிச்சுடுவாரு. ஆனா ஊசியோட வேலை சீக்கிரம் முடிஞ்சிடும், உள்ள இருக்கற ஓபியாய்டு நீடிக்கும், அதனால நான் நல்லாத்தான் இருக்கேன்னு அவர் கிளம்பினாலும் விடக்கூடாது.

கடைசியா ஒண்ணு, ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணிட்டு அந்த பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோட எடுத்துட்டு வாங்க, எத்தனை மணிக்கு குடிச்சாருன்னும் சொல்லுங்க. வெறுமனே ஏதோ வயலுக்கு அடிக்கற மருந்துன்னு சொன்னா பத்தாது, ஏன்னா ஆர்கனோபாஸ்பேட்னா அட்ரோபினும் ஆக்சிஜனும் உடனே வேணும், அதுவே பாராகுவாட் களைக்கொல்லியா இருந்தா முறிவு மருந்தே கிடையாது, தேவையில்லாம குடுக்கற ஆக்சிஜனே நுரையீரலை இன்னும் கெடுக்கும்.