இறுக்கமான சிலிகோன் ஹோஸை டர்போ பைப்பில் ஏற்றுவது எப்படி?

(காட்சி: ஒரு கையில் அலுமினியப் பைப், மறு கையில் சிலிகோன் கப்ளர், அதாவது இரண்டு பைப்புகளை இணைக்கும் குட்டி ஹோஸ். வைத்து அழுத்துகிறோம், ஏறவில்லை.)

பைப்பின் வெளிவிட்டம் 63 மில்லிமீட்டர். கப்ளரின் உள்விட்டமும் 63. அளவு சரிதான், ஆனாலும் ஏற மாட்டேன் என்கிறது. இந்த இடத்தில்தான் பலரும் பொறுமையிழந்து கிரீஸ் டப்பாவைத் தேடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஏன் வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

(காட்சி: டர்போ, இன்டர்கூலர், த்ராட்டில் பாடி. காற்று போகும் பாதை அம்புக்குறியாக நகர்கிறது.)

டர்போ அழுத்தி அனுப்பும் காற்று இந்தப் பாதை வழியாகத்தான், இன்டர்கூலரில் சூடு தணிந்து, எஞ்சினுக்குப் போகிறது. பூஸ்ட், அதாவது டர்போ கூட்டும் காற்றழுத்தம், 1 பார் என்று வைத்துக்கொள்வோம். 63 மி.மீ. பைப்பின் வாய்ப் பரப்பு ஏறக்குறைய 31 சதுர சென்டிமீட்டர். கணக்குப் போட்டால், இந்த இணைப்பைப் பிரித்துத் தள்ளும் விசை சுமார் 32 கிலோ எடைக்குச் சமம். பைப் 76 மி.மீ. என்றால் 46 கிலோ. இதைத் தாங்கிப் பிடிப்பது மூன்றே விஷயம்: ஹோஸுக்கும் பைப்புக்கும் இடையிலான பிடிப்பு, ஹோஸைச் சுற்றி இறுக்கும் பட்டையான கிளாம்ப், அப்புறம் பைப்பின் முனையில் மோதிரம் போலப் புடைத்திருக்கும் இந்த மேடு. இதை பீட் என்பார்கள். கிரீஸ் தடவினால் முதல் பிடிப்பு அங்கேயே போய்விடுகிறது. தவிர, சாதாரண சிலிகோனுக்கு எண்ணெயும் பெட்ரோலும் ஆகாது, ஊறி உப்பிவிடும்.

நான் முதன்முதலில் ஏற்றியபோது பாத்திரம் கழுவும் சோப்பைத் தாராளமாகத் தடவினேன். சுலபமாக ஏறிவிட்டது. மறுநாள் ஒரு ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் 'டப்' என்று ஒரு சத்தம். வண்டி இழுக்கவில்லை, பின்னால் கரும்புகை. சென்சார் அளந்த காற்று வழியிலேயே வெளியேறிவிட, பெட்ரோல் மட்டும் பழைய கணக்குக்கே பீய்ச்சப்பட்டதால் வந்த புகை அது. பானெட்டைத் திறந்தால் ஹோஸ் கழன்று தொங்குகிறது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன், சோப்பு அப்படியே வழவழவென்று இருந்தது. ஹோஸ் இறுக்கி மூடிய இடத்தில் அது எப்படிக் காயும்?

ஆக, நமக்கு வேண்டியது ஏற்றும்போது வழுக்கி, ஏறிய பிறகு இல்லாமல் போகிற ஒன்று. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அப்படிப்பட்டது, ஆவியாகிவிடும். ஹேர் ஸ்ப்ரே இன்னும் நல்லது. ஈரமாக இருக்கும்போது வழுக்கும், காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். பைக் ஹேண்டில்பாரில் ரப்பர் கிரிப் மாட்டுகிறவர்களுக்கு இது பழகிய வித்தை. இரண்டுமே தீப்பற்றக்கூடியவை என்பதால் எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும்.

(காட்சி: பைப்பின் முனை, மிக அருகில்.)

பைப்பின் வெட்டிய ஓரத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டுப்பட்டால் எமரி பேப்பரால் தேய்த்து எடுங்கள். சிலிகோன் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் கீறலைத் தாங்காது. சின்னக் கீறலும் கிழிசலாக நீளும். ஓடிய வண்டியின் பைப்புக்குள் எண்ணெய்ப் படலமும் இருக்கும். ஆல்கஹால் நனைத்த துணியால், துணி கறுக்காமல் வரும்வரை துடைத்துவிடுங்கள்.

சிலர் கப்ளரை வெந்நீரில் போட்டு எடுக்கச் சொல்வார்கள். ரப்பர் ஹோஸுக்கு அது பலிக்கும். சிலிகோனில் பெரிய பலன் இல்லை. சூட்டில் தன் குணம் மாறாது என்பதற்காகத்தானே இதை வாங்குகிறோம்!

(காட்சி: கப்ளரைச் சாய்த்துப் பிடித்து ஏற்றுகிறோம். வேகம் குறைத்துக் காட்டவும்.)

முதலில் கிளாம்ப்பை ஹோஸின் மேல் கோர்த்துவிடுங்கள். மறந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். ஹோஸின் உள்ளேயும் பைப்பின் மேலேயும் ஸ்ப்ரே அடியுங்கள். இப்போது நேராகத் தள்ளாதீர்கள். சாய்த்துப் பிடித்து, ஹோஸின் கீழ் உதட்டை மட்டும் முதலில் மேட்டைத் தாண்ட வையுங்கள். அதைக் கட்டைவிரலால் நழுவாமல் அழுத்திக்கொண்டு, மறு கையால் மேல் உதட்டை இழுத்து மூடுங்கள். மேட்டைத் தாண்டியதும் இடமும் வலமுமாகத் திருகியபடி உள்ளே தள்ளுங்கள். கை மட்டும் போதவில்லையென்றால் முனை மழுங்கிய பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்றைப் பயன்படுத்தலாம். ஸ்க்ரூடிரைவர் கூடவே கூடாது. உள் சிலிகோனைக் கீறிவிட்டால் நடுவில் இருக்கும் துணி அடுக்கு வெளியே தெரியும், அங்கிருந்துதான் கசிவு தொடங்கும்.

மறுபக்கப் பைப்பை நுழைக்கும்போது இரண்டு பைப் முனைகளும் முட்டிக்கொள்ளாமல் சில மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இன்டர்கூலர் வண்டியின் பாடியோடு அசையாமல் நிற்கும், எஞ்சினோ அதன் மவுன்டில் ஆடும். அந்த ஆட்டத்தை ஹோஸ்தான் வாங்கிக்கொள்கிறது. ஆட்டம் அதிகமுள்ள இடத்தில், நடுவில் புடைப்பு வைத்த ஹம்ப் கப்ளர் போடுவது நல்லது.

கிளாம்ப் எங்கே உட்கார வேண்டும்? மேட்டின் மேல் அல்ல, மேட்டுக்கும் ஹோஸின் ஓரத்துக்கும் நடுவில். பூஸ்ட் அதிகம் என்றால், T வடிவ போல்ட்டால் இறுக்கும் டி-போல்ட் கிளாம்ப் போடுங்கள். பட்டையில் துளைகள் உள்ள சாதாரண கிளாம்ப்பில் சிலிகோன் அந்தத் துளைகளுக்குள் பிதுங்கி அறுபடும். அதையே போட வேண்டிவந்தால் உள்பட்டை வைத்ததாகப் பாருங்கள். பட்டையின் இரு ஓரத்திலும் சிலிகோன் லேசாகப் புடைத்ததும் நிறுத்திவிடுங்கள்.

சரி, இப்போது அவசரப்படாமல் ஒரு இரவு காயவிடுங்கள். அதற்கு முன், ஹோஸின் ஓரம் முடியும் இடத்தில் பைப்பின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். சில நாள் ஓட்டியபின், எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளாம்ப்பை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், சூடேறி ஆறுவதில் சிலிகோன் கொஞ்சம் அமுங்கியிருக்கும். அப்போதே கோட்டையும் பாருங்கள்.

(காட்சி: மார்க்கர் கோடு, அதை ஒட்டியே நிற்கும் ஹோஸின் ஓரம்.)

கோட்டுக்கும் ஹோஸுக்கும் நடுவே பைப் தெரிந்தால் ஹோஸ் நகர்கிறது என்று அர்த்தம். கழற்றித் துடைத்து மறுபடி ஏற்றுங்கள்.