ராஜஸ்தானி: சொந்தச் சட்டசபையில் செல்லாத மொழி

[திரையில்: ஜெய்ப்பூர் சட்டசபைக் கட்டடம்]

2023 டிசம்பர். ராஜஸ்தான்ல தேர்தல் முடிஞ்சு புது எம்.எல்.ஏ.க்கள் பதவிப் பிரமாணம் எடுத்துக்கிறாங்க. பெரும்பாலானவங்க இந்தியில, சில பேர் சமஸ்கிருதத்துல. கோலாயத் தொகுதியில ஜெயிச்சு வந்த ஓர் இளைஞர் எழுந்து ராஜஸ்தானியில உறுதிமொழி எடுக்கிறார். தற்காலிக சபாநாயகர் ஏத்துக்கல. அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணை, அதாவது அது அங்கீகரிச்ச மொழிகளோட பட்டியல், அதுல இந்த மொழி இல்ல, அதனால செல்லாதுன்னுட்டார். மறுபடியும் இந்தியில சொன்ன பிறகுதான் அவர் பிரமாணம் கணக்குல வந்துச்சு.

சமஸ்கிருதத்தைத் தாய்மொழின்னு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல சொன்னவங்க நாடு முழுக்க 25,000 பேர்கூட இல்ல. ஓட்டுப் போட்டு அவரை அனுப்பின ஊர்க்காரங்க பேசுறது ராஜஸ்தானி. அந்த மொழிக்கு அவங்க மாநிலச் சட்டசபையிலயே ஏன் இடமில்லாமப் போச்சு?

[திரையில்: சென்னை சௌகார்பேட்டை, கடைப் பலகைகள்]

மார்வாடின்னு சொன்னா நம்ம ஊர்ல மனசுல வர்றது ஒரு கடை, ஒரு சேட்டு. மார்வாட் என்பது ஜோத்பூரைச் சுத்தின நிலத்தோட பேர். அங்க பேசுற பேச்சு மார்வாடி. கல்லாவுல உட்கார்ந்து நம்மகிட்ட தமிழ் பேசுறவர், போனை எடுத்து வீட்டுக்காரங்ககிட்ட பேசுறதைக் கவனிச்சிருப்பீங்க. இந்தின்னுதான் நினைச்சிருப்போம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன்.

காதைக் கொஞ்சம் தீட்டிக் கேட்டா வித்தியாசம் பிடிபடும். தமிழ்க் காதுக்கு இது சுலபம். தண்ணிக்கு இந்தியில 'பானீ'. ராஜஸ்தானியில 'பாணீ', நம்ம தண்ணியில வர்ற அதே மூணு சுழி ண. இன்னொண்ணு, நம்ம 'ள'. இன்னைக்கு இந்தி எழுத்து வரிசையில இந்த ஒலிக்கு இடமில்ல. ராஜஸ்தானியில தாராளமா இருக்கு.

'காள்'னு ஒரு சொல். காலம், மரணம், பஞ்சம், மூணுக்கும் அதுதான். மழையே அபூர்வமான மண்ணுல பஞ்சத்துக்கு ஒரே பேர் போதாது. தானியம் விளையலைன்னா அன்னகாள். தண்ணி இல்லைன்னா ஜளகாள். மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் புல் இல்லைன்னா தின்காள். மூணும் சேர்ந்து வந்தா திரிகாள். தார் பாலைவனத்துல தலைமுறை தலைமுறையா பட்ட அனுபவம் அந்த நாலு சொல்லுக்குள்ள இருக்கு. ஒரு மொழி எதுக்கு வேணும்னு கேட்கிறவங்களுக்கு நான் முதல்ல காட்டுறது இந்தச் சொற்களைத்தான்.

[திரையில்: பழைய ஓலை, காகிதச் சுவடிகள்]

இந்த மொழிக்கு வயசு எவ்வளவு? கி.பி. 779-ல ஜாலோர்ல இருந்த உத்யோதன சூரிங்கிற சமணத் துறவி, 'குவலயமாலா'ங்கிற நூல்ல பல நாட்டு மொழிகளைக் குறிப்பிடுறார். மரு நாட்டுப் பேச்சும் அதுல உண்டு. மருன்னா பாலை.

அப்புறம் ராஜஸ்தானியும் குஜராத்தியும் பல நூறு வருஷம் ஒரே மொழியாத்தான் இருந்துச்சு. 1455-ல பத்மநாபர் எழுதின 'கான்ஹடதே பிரபந்தம்' எங்க நூல்னு ரெண்டு பக்கமும் சொல்றாங்க. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். அந்தப் பொது மொழிக்கு இலக்கணக் குறிப்பு எழுதினவர் தெஸ்ஸித்தோரிங்கிற இத்தாலியர். 1914-ல இந்தியா வந்து, அரசவைகள்ல பாடின சாரணர் குலப் புலவர்களோட சுவடிகளைத் தேடி ஊர் ஊரா அலைஞ்சவர். 1919-ல பிகானேர்ல இறந்துட்டார். அப்போ அவருக்கு வயசு 31. கல்லறையும் அங்கேயே இருக்கு.

'ராஜஸ்தானி'ங்கிற பேர் மட்டும் புதுசு. மொழி ஆய்வாளர் கிரியர்சன் தன்னோட இந்திய மொழிக் கணக்கெடுப்புல, 1908-ல வந்த தொகுதியில, இந்த வட்டாரப் பேச்சுகளை எல்லாம் இந்தியில இருந்தும் குஜராத்தியில இருந்தும் பிரிச்சு ஒரே குடும்பமா வச்சு இந்தப் பேரைக் கொடுத்தார்.

[திரையில்: ராஜஸ்தான் வரைபடம், பகுதி பகுதியாக நிறம் மாறுகிறது]

மேற்கே ஜோத்பூர், பிகானேர், ஜெய்சல்மேர்னு பரந்து கிடக்கிறது மார்வாடி. உதய்ப்பூர், சித்தோட்கட் பக்கம் மேவாடி. ஜெய்ப்பூரைச் சுத்தி டூண்டாடி, கோட்டா, பூந்தியில ஹாடௌதி. அல்வர் பக்கம் மேவாத்தி. இது மேவாடி இல்ல, பேர்தான் கிட்டக்கிட்ட. தெற்கே டூங்கர்பூர், பான்ஸ்வாடாவுல வாகடி. சீகர், ஜுன்ஜுனு பக்கம் ஷேகாவாட்டி. தெலங்கானா, கர்நாடகத்துல லம்பாடி மக்களோட குடியிருப்புகளான தாண்டாக்கள்ல கேட்கிற லம்பாடியையும் கிரியர்சன் இந்தக் குடும்பத்துலதான் சேர்த்தார்.

ராமனோட வீடுன்னு சொல்லணும். மார்வாடியில 'ராம் ரோ கர் ஹை'. டூண்டாடியில 'ராம் கோ கர் சை'. இந்தியில 'ராம் கா கர் ஹை'. குதிரை இந்தியில 'கோடா', ராஜஸ்தானியில 'கோடோ'. இந்த ஓகார முடிவு குஜராத்திக்கும் உண்டு. பாதி தூரம் இந்தியோட, பாதி தூரம் குஜராத்தியோட நடக்கிற மொழி. ஆனா நடை தன்னோடது.

எழுத்து இப்போ தேவநாகரி. வியாபாரிங்க கணக்கெழுத மகாஜனின்னு ஒண்ணு வச்சிருந்தாங்க. வேகமா எழுதுறதுக்காக உயிர்க்குறிகளையே விட்டுடுவாங்க. அதைப் பத்தி அங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு கதை இருக்கு. 'காகாஜி அஜ்மேர் கயா', அதாவது சித்தப்பா அஜ்மேர் போயிருக்கார்னு கடையில இருந்து கடிதம் போகுது. வீட்டுல உயிர்க்குறி இல்லாம படிச்சவங்களுக்கு அது 'காகாஜி ஆஜ் மர் கயா', அதாவது இன்னைக்கு இறந்துட்டார்னு தெரிஞ்சு, வீடே ஒப்பாரி வச்சுதாம்.

[திரையில்: 2011 கணக்கெடுப்பு எண்கள்]

2011 கணக்கெடுப்புல ராஜஸ்தானின்னு சொன்னவங்க 2.58 கோடி. மார்வாடின்னு 78 லட்சம், மேவாடின்னு 42 லட்சம், வாகடி 34 லட்சம், ஹாடௌதி 29 லட்சம், டூண்டாடி ஏறக்குறைய 15 லட்சம். கூட்டினா நாலரைக் கோடியைத் தாண்டுது. மலையாளம் பேசுறவங்க 3.5 கோடி. ஆனா கணக்கெடுப்புப் புத்தகத்துல இந்த நாலரைக் கோடிப் பேரும் இந்திங்கிற தலைப்புக்குக் கீழ போறாங்க. இந்திக்குக் காட்டுற 52.8 கோடியில இவங்களும் அடக்கம்.

அதே அரசாங்கத்தோட இன்னொரு கை வேற மாதிரி நடக்குது. சாகித்ய அகாதெமி 1971-லயே ராஜஸ்தானியைத் தனி இலக்கிய மொழியா ஏத்துக்கிச்சு. 1974-ல விருது வாங்கினவர் விஜய்தான் தேதா. போருந்தாங்கிற தன் கிராமத்துலயே இருந்து, கிழவிகள் சொன்ன கதைகளைக் கேட்டு, 'பாதாங் ரீ புல்வாடி'ன்னு 14 தொகுதி எழுதினவர். சீதாராம் லாளஸ் தொகுத்த அகராதியில 2 லட்சத்துக்கும் மேல சொற்கள். கல்லூரிப் பேராசிரியர் ஆகிறதுக்கான நெட் தேர்வுல ராஜஸ்தானி ஒரு பாடம். ஆனா 2021-ல நடந்த ராஜஸ்தான் ஆசிரியர் தகுதித் தேர்வுல, சிந்தி, பஞ்சாபி, குஜராத்தி, உருதுன்னு தேர்ந்தெடுக்க முடிஞ்சுது. ராஜஸ்தானி பட்டியல்லயே இல்ல. ஆறு வயசுப் பிள்ளைக்கு அவன் வீட்டு மொழியில சொல்லித்தர ஆள் எடுக்க வழியில்ல. எனக்கு ரொம்ப வலிக்கிற இடம் இதுதான்.

2003 ஆகஸ்ட்ல ராஜஸ்தான் சட்டசபை ஒருமனதா தீர்மானம் போட்டு, எட்டாவது அட்டவணையில சேருங்கன்னு டெல்லிக்கு அனுப்பிச்சு. அதே வருஷம் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி நாலும் சேர்ந்துச்சு. அட்டவணையில மொழிகள் 22 ஆச்சு. ராஜஸ்தானி, 38 மொழிகள் நிக்கிற காத்திருப்பு வரிசையில போய்ச் சேர்ந்துச்சு.

மறுக்கிறவங்க கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு: எது ராஜஸ்தானி? மார்வாடியா, டூண்டாடியா? பாடப்புத்தகத்தை எந்தப் பேச்சுல அச்சடிப்பீங்க? கேள்வி நியாயமானதுதான். கோட்டாக்காரருக்கு ஜோத்பூர் வழக்கு தன் தலைமேல வந்து உட்காருமோன்னு பயம் இருக்கு. அதைத் தள்ளிவிடக் கூடாது.

ஆனா கொங்கணியைப் பாருங்க. அதையும் மராத்தியோட வட்டார வழக்குன்னுதான் சொன்னாங்க. ஊருக்கு ஊர் பேச்சு வேற. தேவநாகரி, ரோமன், கன்னடம், மலையாளம்னு எழுத்தும் வேற வேற. அகாதெமி அதை ஏத்துக்கிட்டது 1975-ல, ராஜஸ்தானிக்கு நாலு வருஷம் கழிச்சு. கோவா சட்டசபை டெல்லிக்காகக் காத்திருக்கல. 1987-ல தானே சட்டம் போட்டு தேவநாகரிக் கொங்கணியை ஆட்சிமொழி ஆக்கிச்சு. அஞ்சு வருஷத்துல, 1992-ல, எட்டாவது அட்டவணையும் திறந்துச்சு. எந்த வழக்கு, எந்த எழுத்துங்கிற சண்டை அங்க இன்னும் இருக்கு. பள்ளிக்கூடமும் நடக்குது.

[திரையில்: அரசியல் சட்டம், பிரிவு 345]

மாநிலத்துல புழங்குற எந்த மொழியையும் சட்டசபை ஆட்சிமொழியா ஏத்துக்கலாம்னு இந்தப் பிரிவு சொல்லுது. அந்த மொழி எட்டாவது அட்டவணையில இருக்கணும்னு இதுல எங்கேயும் இல்ல. சத்தீஸ்கட் 2007-ல சத்தீஸ்கடிக்கு இப்படித்தான் சட்டம் போட்டுச்சு. ராஜஸ்தான்ல 1956 ஆட்சிமொழிச் சட்டம் இந்தியைச் சொல்லுது. அதைத் திருத்துற அதிகாரம், அந்தக் கோலாயத் இளைஞரை ரெண்டாவது தடவை பிரமாணம் எடுக்க வச்சாங்களே, அந்தச் சபைக்கே இருக்கு.