விமான மூக்கினுள் வானிலை ரேடார்

நேயர்களுக்கு வணக்கம். விமான மின்னணுக் கருவிகளைப் பொருத்துவதிலும் பழுது பார்ப்பதிலும் பணிக்காலம் முழுவதையும் கழித்துவிட்டு, இப்போது குன்னூரில் குடியிருக்கிறேன். ஐப்பசி மாலைகளில் சமவெளிப் பக்கம் இடிமேகம் எழுந்து நிற்பதைக் காணும்போதெல்லாம், கோவையில் இறங்க வரும் விமானத்தின் மூக்கினுள் இருக்கும் வானிலை ரேடாரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அதைப் பொருத்தும் வேலையைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

இடிமேகத்தின் வலிமைக்குச் சான்று நம் உதகையிலேயே இருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஒரு இடிமேகத்தினுள் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் நிலவியதை இங்குள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில், விண்கதிர்களால் உண்டாகும் மியூவான் என்ற நுண்துகள்களை அளக்கும் கருவி பதிவு செய்தது. மின்னலோடு ஆலங்கட்டியும், மேலே எழும் காற்றும் கீழே பாயும் காற்றும் அருகருகே இருக்கும் அத்தகைய மேகத்தை விமானி தொலைவிலேயே கண்டு விலகியாக வேண்டும்.

ரேடார் அனுப்பும் அலையின் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அதற்குத் தென்படுவது மழைத்துளி. துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் எதிரொலி 64 மடங்காகிறது. ஆகவே கனமழை திரையில் சிவப்பாக எரிய, நம் மலைப்பாதையை மூடி வண்டிகளை நிறுத்திவிடும் மூடுபனியோ, துளி மிகச் சிறியது என்பதால், திரையில் தடமே இல்லாமல் போகிறது.

ஆண்டெனா ஒரு தட்டையான வட்டத் தகடு. அது இடமும் வலமுமாகத் திரும்பி வானைத் துழாவும். அதைத் தாங்கும் அடித்தளத்தை விமானத்தின் அச்சுக்குச் சரியாக அமைப்பதில்தான் எங்கள் நேரத்தின் பெரும்பகுதி செலவாகும். விமானத்தை ஜாக்கிகளின் மேல் ஏற்றி மட்டம் பார்த்த பிறகு, கொத்தனார் சுவருக்கு ரசமட்டம் பிடிப்பதுபோல அடித்தளத்தின் முகப்பிலும் அளவு பார்ப்போம். சாய்வு தெரிந்தால் ஷிம் என்று நாங்கள் சொல்லும் மெல்லிய தகடுகளைச் செருகித் திருத்துவோம். ஒரு பாகை பிசகினால் என்ன என்று புதிதாகச் சேரும் இளைஞர்கள் கேட்பதுண்டு. ஒரு பாகை பிசகினால் 100 கிலோமீட்டருக்கு அப்பால் அலைக்கற்றை ஏறத்தாழ 1,750 மீட்டர் மேலேயோ கீழேயோ போய்விடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் உயரத்தைவிட இது அதிகம். மேலே போனால் மழைக்கு மேலுள்ள வெற்று வானத்தைக் காட்டும். கீழே போனால் மலைச்சரிவையே பெருமழையாகக் காட்டும்.

ஆண்டெனாவை மூடியிருக்கும் மூக்குக் கூம்பை ரேடோம் என்கிறோம். தேனடை போன்ற உள்ளமைப்பின் இருபுறமும் கண்ணாடி இழைத் தோல் ஒட்டிச் செய்வது வழக்கம். பார்வைக்கு வெறும் மூடிதான்; ஆனால் ரேடாரின் பாதி நம்பகம் அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அலை அதன் வழியாகவே போய்வருவதால், உலோகத்துகள் கலந்த வண்ணம் அதன்மேல் படக்கூடாது. சாதாரண வண்ணமும் அளவுக்கு மேல் தடித்துவிடக் கூடாது.

ஒருமுறை, திரையின் இடப்பக்கத்தில் மழை எப்போதும் மெலிந்தே தெரிகிறது என்ற குறையுடன் ஒரு விமானம் எங்களிடம் வந்தது. ஆண்டெனாவையும் ரேடாரின் மின்னணுப் பெட்டிகளையும் மாற்றி மாற்றிச் சோதித்தோம். குறை அப்படியே இருந்தது. கடைசியில் ரேடோமைக் கழற்றி, ஒரு நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். பர்லியாரில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதே வேலைதான். எங்கும் டக் டக் என்று கணீரென ஒலித்த கூம்பு, இடப்பக்கத்தில் இரண்டு உள்ளங்கை அகலத்திற்குப் பொத் பொத்தென்று மந்தமாக ஒலித்தது. ஈரமானியை வைத்தோம், முள் ஏறியது. முன்பு வேறொரு பணிமனையில் ஒட்டுப்போட்ட இடம் சரியாக அடைபடாமல், தேனடை அறைகளுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அலை வெளியே போகும்போது ஒருமுறையும் திரும்பும்போது மறுமுறையும் அந்த நீரில் வலுவிழந்ததால், சிவப்பாகத் தெரிய வேண்டிய மழை விமானிக்குப் பச்சையாகத் தெரிந்திருக்கிறது. ரேடாரே இல்லாத விமானத்தின் விமானி எச்சரிக்கையாக விலகிப் போவார். இப்படித் தவறாகக் காட்டும் ரேடாரை நம்பியவரோ நேரே போய்விடுவார். அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதிதாகக் கட்டிய பிறகுதான் குறை தீர்ந்தது.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்னல் தாக்கினால் மின்சாரத்தைக் கடத்திவிட ரேடோமின் மேலுள்ள உலோகப் பட்டைகள் விமான உடலோடு நன்றாக இணைந்திருக்க வேண்டும். மூக்கில் எடை கூடுவதால் விமானத்தின் ஈர்ப்பு மையத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். தரையில் ரேடாரை இயக்கும்போது எதிரே ஆள் நிற்கவோ அருகில் எரிபொருள் நிரப்பவோ கூடாது. விமானம் ஒரு தகரக் கொட்டகையைப் பார்த்து நின்றால் திரும்பி வரும் வலுவான அலை, எதிரொலியை வாங்கும் பகுதியான ஏற்பியையே கெடுத்துவிடலாம்.

பறந்து பார்க்கும் சோதனை இறுதியாக வரும். மழையில்லாத நாளில், சமதரைக்கு மேல் நேராகப் பறந்தபடி அலைக்கற்றையை மெல்லத் தாழ்த்தினால், தரையின் எதிரொலி திரையில் இருபுறமும் ஒரே தொலைவில் வில்லாகத் தோன்ற வேண்டும். பிறகு விமானத்தைச் சாய்த்துத் திருப்பினாலும் அந்த வில் ஒருபக்கமாகச் சரியக் கூடாது. கோவைக்கு மேலிருந்து வடமேற்கே திரும்பினால் நம் நீலகிரி சிவந்த திட்டாக எழும். அலைக்கற்றையைச் சற்று உயர்த்தியதும் மறையும். அப்படி மறையாமல் நிற்பது மழை. இத்தனையும் ஒத்து வந்த பிறகே பதிவேட்டில் கையெழுத்திடுவேன். வணக்கம்.