முதல் மூன்று மாதமும் ஒரு சிவப்பு மச்சமும்

வணக்கம் நேயர்களே. சில மாதங்களுக்கு முன் என்னிடம் கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய், ஃபோனைத் திறந்து வரிசையாகப் படங்களைக் காட்டினார். பிறந்த பத்தாம் நாள் எடுத்ததில், மேல் இமையில் கொசு கடித்த மாதிரி லேசான சிவப்பு. தொட்டிலில் போட்ட அன்று மிளகளவு. மூன்று மாதம் முடியும்போது அது கோவைப்பழம் போலப் புடைத்து இமையைக் கீழே அழுத்த, பாப்பா அந்தக் கண்ணைப் பாதிதான் திறக்கிறாள். "தானா போயிடும்னு எல்லாரும் சொன்னாங்க டாக்டர்" என்றார்.

அவர்கள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஹீமாஞ்சியோமா என்கிற இந்த மச்சம், ரத்தக்குழாய்ச் செல்கள் ஓரிடத்தில் மளமளவென்று பெருகுவதால் வருவது, புற்றுநோய் இல்லை, பெண் குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கும் அதிகம். கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்று பெற்றவளைக் குறை சொல்லாதீர்கள், தயவுசெய்து. ஒரு வயதுக்கு அப்புறம் மெல்ல வெளிறி, பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் சுருங்கிவிடும். முதுகிலோ கையிலோ சின்னதாக இருந்தால் சரி, காத்திருக்கலாம்.

ஆனால் எல்லா இடத்திலும் காத்திருக்க முடியாது, ஏனென்றால் வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் மூன்று நான்கு மாதத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கண், மூக்கு, உதடு அருகே இருந்தாலோ, புண்ணாகிக் கசிந்தாலோ ஒரு மாதக் குழந்தையாக இருக்கும்போதே காட்டுங்கள். தாடி முளைக்கிற பகுதியில் பரவி, மூச்சு விடும்போது சத்தமும் வந்தால் அன்றைக்கே ஓடுங்கள், மூச்சுக்குழாய்க்குள்ளும் இருக்கலாம். உடம்பில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால், ஈரலிலும் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்ப்போம்.

மருந்து இருக்கிறது. 2008இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள், இதயக் கோளாறுக்காக புரோப்ரனோலால் கொடுத்த குழந்தைக்கு இந்த மச்சமும் சுருங்குவதைக் கவனித்து எழுதினார்கள். ரத்த அழுத்தத்துக்குக் காலங்காலமாகக் கொடுத்துவந்த சாதாரண மருந்துதான் அது. டாக்டர் சொன்ன அளவில், பால் குடித்த பிறகு மட்டுமே கொடுக்க வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தாலோ பால் குடிக்காவிட்டாலோ அந்த வேளை வேண்டாம், சர்க்கரை இறங்கிவிடும்.

அந்தப் பாப்பாவுக்கு இரண்டே வாரத்தில் சிவப்பு மங்கி, இமை மேலேறிவிட்டது. பார்வைதான் இன்னும் பின்தங்கியிருக்கிறது. பாதி மூடியே கிடந்த கண்ணால் பார்க்க மூளை பழகவில்லை. நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் ஒட்டி மூடி, மற்றக் கண்ணுக்குக் கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டுகிறார் அவள் அம்மா.