அகல உழுதவர் கண்ட ஆழம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘கலைஞனை வளர்ப்பது ஒரே கலையில் ஊன்றி நிற்பதா, பல கலைகளில் பரவிச் செல்வதா?’ என்பது தலைப்பு. பரவிச் செல்வதே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், ‘அகல உழுவதினும் ஆழ உழு’ என்னும் பழமொழியை நம்பியே தம் உரையை முடித்தார். பழமொழியோடு எனக்குப் பகை இல்லை. கலைஞனின் மனம் வரப்புக் கட்டிய வயல்தானா என்பதே என் ஐயம்.

சான்றாக ஒருவரை மட்டும் அழைக்கிறேன்: வீணை எஸ். பாலசந்தர். 1927இல் பிறந்த அவர், ‘சீதா கல்யாணம்’ படத்தில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாகத் தோன்றினார். பிறகு தபலா, ஆர்மோனியம், சித்தார் என்று ஒவ்வொன்றையும் தாமே பயின்று, இறுதியில் குருவின்றியே வீணைக்கு வந்து சேர்ந்தார். சித்தாரில் தந்தியை இழுத்துப் பழகிய விரல்கள் வந்ததனால்தான், வீணைத் தண்டில் பதித்த மெட்டுக் கட்டைகளில் ஒன்றின்மீதே தந்தியை வளைத்து, பாடும் குரலின் குழைவை வீணையில் எழுப்ப அவரால் முடிந்தது என்றே நான் கொள்கிறேன். பழைய கருவியில் செலவிட்ட காலம் வீண்போகவில்லை, நடுவர் அவர்களே. அது கை மாறியது, அவ்வளவுதான்.

இனி 1954க்கு வருவோம். பாட்டில்லாமல் தமிழ்ப்படம் ஓடாது என்று நம்பப்பட்ட காலத்தில், ஒரு கொலையை ஒவ்வொருவர் பார்வையிலும் வெவ்வேறாகக் காட்டும் ‘அந்த நாள்’ படத்தை, ஒரு பாடல்கூட இல்லாமல் இயக்கியவர் யார்? இசையறியாத ஒருவரா? இல்லை, இசையிலேயே ஊறியவர். எங்கே இசை வேண்டும் என்பதை அறிந்தவருக்கே எங்கே அது வேண்டாம் என்று சொல்லும் துணிவு வரும். பத்தாண்டு கழித்து ‘பொம்மை’யில் இயக்கம், நடிப்பு, இசை மூன்றையும் தாமே ஏற்றவரும் அவர்தான், பாடகர் யேசுதாசைத் தொடக்க காலத்திலேயே தமிழ்த்திரையில் பாட வைத்ததும் அந்தப் படத்தில்தான்.

‘1970இல் வந்த ‘நடு இரவில்’ படத்தோடு திரையை விட்டு வீணைக்கே அவர் திரும்பிவிட்டாரே’ என்று எதிரணியினர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கருநாடக இசையின் தாய் இராகங்களான 72 மேளகர்த்தா இராகங்களையும் வீணையில் பதிவு செய்ததும், 1982இல் பத்மபூஷண் பெற்றதும் அதன் பின்னரே என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால், 1960களில் ஒருபுறம் படமெடுத்துக்கொண்டே, மறுபுறம் அமெரிக்கா வரை சென்று வீணை வாசித்தவர் அவர். திரைத்துறை அவருடைய வீணையைக் கெடுக்கவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் விடை சொல்லட்டும்: அவர் கஞ்சிராவோடு நின்றிருக்க வேண்டுமா, சித்தாரோடு நின்றிருக்க வேண்டுமா?