நிழலின் அருமை

(கோலாலம்பூர் செந்தூலில் நடந்த மன்றக் கூட்டம் ஒன்றில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, சொன்ன நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்து நம்மையெல்லாம் வெட்கப்பட வைத்த டத்தோ அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, காலையிலிருந்து தேநீர்ப் பக்கம் நின்றுகொண்டிருக்கும் மகளிர் பிரிவு சகோதரிகளே, வணக்கம். யார் பெயராவது விடுபட்டிருந்தால் பட்டியல் எழுதிக் கொடுத்த செயலாளரிடம் கேளுங்கள். டத்தோ அவர்களுக்கு இன்னொரு நிகழ்ச்சி இருப்பதாகச் சீட்டு வந்திருக்கிறது. மாலையை இப்போதே போட்டுவிடலாம் என்கிறார்கள். சரி, போடுங்கள். காத்திருக்கிறேன்.

நன்றி டத்தோ.

இன்றைய தலைப்பு புத்ராஜெயா ஈரநிலப் பூங்கா. மூன்று செய்திகளைப் பேசப்போகிறேன். ஒன்று தண்ணீர், இரண்டு பறவைகள், மூன்று நம் வயதுக்கு ஏற்ற நடை.

போய்வருவது இப்போது சுலபம். 2023 மார்ச்சிலிருந்து செந்தூல் பாராட் நிலையத்தில் எம்.ஆர்.டி. ரயில் ஏறினால் நேராகப் புத்ராஜெயா சென்ட்ரல். அங்கிருந்து கிராப் வாடகைக் கார் பிடித்துக்கொள்ளலாம். காலையிலேயே போய்விடுங்கள். பாதைகள் அகலமானவை, நீரோரமாக வளைந்து வளைந்து போகும், ஆனால் பல இடங்களில் தலைக்கு மேலே ஒன்றும் கிடையாது. பத்து மணி வெயில் மண்டையைப் பிளக்கும். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். அங்கே பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். அது இயற்கையாக அமைந்த சதுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1997-இல் வேலையைத் தொடங்கி 1998-இல் முடித்த, மனிதன் கட்டிய ஈரநிலம். சுவாவ் ஆறும் பீசா ஆறும் மேலேயுள்ள கோல்ஃப் திடல், தோட்டம், கட்டட வேலை எல்லாவற்றின் கழிவையும் சுமந்துகொண்டு வருகின்றன. அந்த நீர் நேராக ஏரிக்குள் போனால் ஏரி பாசி பிடித்து நாறும். அதனால் வழியில் 24 பிரிவுகள் வைத்திருக்கிறார்கள், நம் வயல்களில் இருக்கும் பாத்திகள் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு தடுப்பு. கோரையும் நாணலும் நீரின் வேகத்தைக் குறைக்கின்றன, வண்டல் அடியில் தங்குகிறது, உரத்திலிருந்து வந்த தழைச்சத்தையும் மணிச்சத்தையும் வேர்களும் வேரில் ஒட்டிய நுண்ணுயிர்களும் எடுத்துக்கொள்கின்றன. படிப்படியாகத் தெளிந்த பிறகுதான் நீர் பெரிய ஏரிக்குள் இறங்குகிறது. அரசாங்க அலுவலகங்களுக்கு முன்னால் நின்று நாம் படம் எடுத்துக்கொள்கிற அதே ஏரிதான். கொசு வராதா என்று ஒரு சகோதரி கேட்டார். மீன்கள் இருக்கின்றன அம்மா, கொசுப் புழுவைத் தின்றுவிடும்.

போன தடவை பெரியவர்கள் சிலரைப் பேருந்தில் அழைத்துப் போனோம். அதில் ஒரு தாத்தா, கையில் குடை, தோளில் துண்டு. காட்சிக் கோபுரத்தின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கித்தா காட்டு மேட்டுல ஏறி எறங்குனது போதும்பா, நீங்க போங்க" என்றார். கித்தா காடு என்றால் ரப்பர் தோட்டம். சரி என்று நாங்கள் ஏறினோம். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வருகிறார்! மேலே வந்ததும் குடையை நீட்டி, "அந்தா, அந்த மேடு இருக்குல்ல, அங்கதான் பெரட்டுக் களம்" என்றார். பக்கத்தில் நின்ற பாட்டி உடனே, "அது பெரட்டுக் களம் இல்ல, பால் ஸ்டோரு" என்றார். பெரட்டுக் களம் என்றால் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம், பால் ஸ்டோரு என்றால் ரப்பர் பால் சேர்க்கும் இடம். இருவரும் புத்ராஜெயா வருவதற்கு முன் இங்கே இருந்த பிராங் பெசார் ரப்பர் தோட்டத்து ஆட்கள். அந்த நிமிடம் வரை எங்களில் யாருக்கும் இது தெரியாது.

அப்புறம் என்ன, சண்டைதான். கணக்கெழுதும் கிராணி வீடு எங்கே, மாரியம்மன் கோயில் எந்தப் பக்கம், ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடை எது என்று சத்தம் கீழே வரை கேட்டது. பூங்கா ஊழியர், ஒரு மலாய்க்கார இளைஞர், ஏதோ அடிதடி என்று ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தாத்தா அவருக்கு மலாயில் பாடம் எடுத்தார். இந்தத் தோட்டத்தை 1921-இல் தொடங்கியவர்கள் முதல் உலகப் போரில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் என்றார். பி.பி. 86 என்ற ரப்பர் ரகம் இங்கேதான் பிறந்தது, அந்த பி.பி. பிராங் பெசார்தான் என்றார். நான் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அத்தனையும் உண்மை. கேரளத்துக்காரர்கள்கூட நட்ட ரகம் அது! பேருந்து ஓட்டுநர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார், தாத்தா நிறுத்தவில்லை. இறங்கும்போது பாட்டி என் காதில், "என்ன சொன்னாலும் அது ஸ்டோருதான்" என்றார்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும். அந்த மரங்களின் நிழலில் மூன்று தலைமுறை பால் வெட்டியது. 1990களில் புதிய நிர்வாகத் தலைநகராகப் புத்ராஜெயா வந்தது. தோட்டத்துக் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போயின. புதிய நகரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பூங்கா, நான் அடிக்கடி போகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. அந்தத் தோட்டத்து மக்களைப் பற்றிச் சொல்லும் ஒரு பலகை, மலாயிலும் தமிழிலும், நடைபாதை ஓரத்தில் நிற்கட்டும். கோரைக்கு விளக்கம் உண்டு, கொக்குக்கு விளக்கம் உண்டு. பால் வெட்டியவனுக்கும் இரண்டு வரி இருக்கட்டுமே!

இதற்கு மனு மட்டும் போதாது, கையில் ஆதாரம் வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியில் தோட்டத்து ஆள் கணக்கான செக்ரோல் தாள் இருக்கலாம், கோயில் திருவிழாப் படம் இருக்கலாம், தோட்டப் பள்ளிச் சான்றிதழ் இருக்கலாம். தாத்தா காலமான பிறகு அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்காரனிடம் போடுகிறோம். நிழலின் அருமை வெயிலில் தெரியும், அப்போது தெரிந்து என்ன செய்ய? தலைமையாசிரியர் அம்மா அவர்களே, உங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களைத் தாத்தா பாட்டியிடம் அனுப்புங்கள். கைப்பேசியில் பதிவு செய்யட்டும்.

பறவைகளைப் பற்றிப் பேச நேரமில்லை என்று தலைவர் மணியைக் காட்டுகிறார். செந்நாரையும் உண்டு, மஞ்சள் மூக்கு நாரையும் உண்டு, போய்ப் பாருங்கள். நடையைப் பற்றி மருத்துவர் பேசுவார்.

படங்களை அசலாகக் கொடுக்க வேண்டாம். வாசலில் ஸ்கேனரோடு இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கேயே நகல் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். படத்தின் பின்பக்கம் யார் யார் என்று பென்சிலில் எழுதிக் கொடுங்கள். மனுத் தாளும் அதே மேசையில்தான். தேநீருக்குப் போகும் வழியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.