வேரா, வழக்கா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'ஆங்கில விகுதியின் பொருளைத் தீர்மானிப்பது வேரா, வழக்கா?' என்பது தலைப்பு. வழக்கே, அதாவது மக்கள் சொல்லைப் பேசிப் பழகும் விதமே என்று வாதாட வந்திருக்கிறோம்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் 'டம்' விகுதியை எடுத்து வெளுத்து வாங்கினார். பழைய ஆங்கிலத்தில் 'டோம்' என்றால் தீர்ப்பு, சட்டம். மன்னன் தீர்ப்பு செல்லுபடியாகும் மண் 'கிங்டம்'. எனவே வேரே பொருள் என்றார். வேர் அதுதான், மறுக்கவில்லை. 1086-இல் வில்லியம் மன்னர் எடுத்த நிலக் கணக்கேட்டை 'டூம்ஸ்டே' புத்தகம் என்று மக்கள் அழைத்ததும், இறுதித் தீர்ப்பு நாளைப் போல அதற்கு அப்பீல் கிடையாது என்பதால்தான்.

ஆனால் 'கிங்டம்' முதலில் குறித்தது மண்ணை அல்ல, அரச பதவியை. மண் பிறகு வந்து சேர்ந்தது. சேர்த்தது யார்? பேசிய மக்கள்!

இன்னொன்று கேளுங்கள். அந்த 'டோம்' தனிச்சொல்லாகவும் பிழைத்தது, அதுதான் 'டூம்'. இன்று அதற்குக் கேடு, அழிவு என்று பொருள். ஒட்டாகப் போன 'டம்' என்ன ஆனது? 'ஃப்ரீடம்', விடுதலை. 'விஸ்டம்', ஞானம். ஒரு தாய்க்குப் பிறந்த இரண்டு பேர், ஒருவருக்கொருவர் முகஜாடைகூட இல்லை. பொருளை வேர் பூட்டி வைத்திருந்தால் இது நடக்குமா?

சலிப்பைச் சொல்லும் 'போர்டம்' 19-ஆம் நூற்றாண்டுச் சொல். அதில் யார் யாருக்குத் தீர்ப்பு சொன்னார்கள்? (சில உரைகளைக் கேட்கும்போது தண்டனை என்று தோன்றும், அது வேறு கதை.) அதிகார வர்க்கத்தைக் குறிக்கும் 'அஃபிஷியல்டம்' என்ற சொல்லில் ஒரு நக்கல் தொனிக்கிறதே, அது எந்த வேரில் இருந்தது?

சரி, 'டம்' பழசு, தடம் அழிந்திருக்கும் என்பீர்கள். நம் காலத்து 'கேட்' விகுதிக்கு வாருங்கள். 1972 ஜூன் 17. வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்திலிருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்தில் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். விவகாரம் வளர்ந்து, 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் பதவி விலகினார். கட்டடத்தின் பெயரில் பாதியைப் பத்திரிகைகள் பிய்த்து எடுத்து, ஊழல், முறைகேடு என்றாலே ஒட்டும் விகுதியாக்கிக்கொண்டன. 1986-இல் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்றது வெளியானதும் 'ஈரான்கேட்'. 2015-இல் அமெரிக்கக் கால்பந்துப் போட்டியில் பந்தின் காற்றைக் குறைத்ததாகப் புகார் எழுந்ததும் 'டிஃப்ளேட்கேட்'.

வேரைத் தோண்டினால் ஒரு வாசல்தான் கிடைக்கும், நடுவர் அவர்களே. அந்த வாசலில் ஊழல் எங்கே ஒளிந்திருந்தது என்பதை அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் காட்டிவிட்டு மேலே பேசட்டும்.